நாப்கின் பேக் ஷீட்: பிஇ, பிரீத்தபிள், லேமினேட், கம்போஸ்டபிள் – எதை வாங்குவது?

வட சென்னையில் கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் வாடகை ஷெட்டிலோ வீட்டு மாடியிலோ சானிட்டரி நாப்கின் தயாரிக்கிற குழுக்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: பேக் ஷீட்டுக்கு, அதாவது ஒழுகாமல் தடுக்கும் அடிப்பக்கத் தாளுக்கு, எந்த ஃபிலிம் எடுப்பது? கையில் நாலு கொட்டேஷன் இருக்கும். ஒன்றில் பிஇ (பாலிஎத்திலீன்) ஃபிலிம், ஒன்றில் ஆவி போகவிடும் பிரீத்தபிள், ஒன்றில் துணி போன்ற தாள் ஒட்டிய லேமினேட், நாலாவதில் பச்சை இலைப் படத்தோடு, மக்கும் என்று சொல்லும் கம்போஸ்டபிள். ஒருவர் மைக்ரானில் எழுதியிருப்பார், இன்னொருவர் ஜிஎஸ்எம்மில். எல்லாரும் கிலோ விலை மட்டும் கொடுத்திருப்பார்கள். அந்தக் கிலோ விலையை வைத்து முடிவெடுத்தால் அநேகமாகத் தப்பாகத்தான் முடியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு எம்பாஸ் போட்ட (சிறு மேடுபள்ளம் அழுத்திய) சாதா பிஇ ஃபிலிம் போதும். மற்ற மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. அந்த இடம் எது என்பதில்தான் எனக்கும் கடைக்காரருக்கும் கருத்து வேறுபாடு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஒழுகாமை. பேக் ஷீட்டின் வேலையே அதுதான். நாப்கினுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 5405. அதன் 1980 பதிப்பில் உள்ள சோதனை எளிமையானது: நிமிடத்துக்கு 15 மில்லி வேகத்தில் 30 மில்லி திரவத்தை ஊற்ற வேண்டும், மேலே ஒரு கிலோ எடை வைத்தாலும் அடியிலோ பக்கத்திலோ ஈரம் தெரியக் கூடாது. 2019இல் தரநிலை திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் தினமும் ஷெட்டிலேயே செய்து பார்க்க அந்தப் பழைய முறை இன்றும் நல்ல பயிற்சி.

இரண்டாவது, ஆவி வெளியேறுதல். கொட்டேஷனில் இதை ‘எம்விடிஆர்’ என்று எழுதியிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் ஃபிலிம் வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி போகிறது என்ற கணக்கு அது.

மூன்றாவது, சத்தமும் தொடும்போது இருக்கும் மென்மையும். நடக்கும்போது சரசரவென்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த பேடை இரண்டாம் முறை வாங்கமாட்டார்கள்.

நாலாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் சீலிங் மெஷினிலும் உங்கள் பசையோடும் அந்த ஃபிலிம் ஒத்துப்போகிறதா? ஃபிலிமால் ஒரு பேட் வீணானால் ஃபிலிம் மட்டும் போவதில்லை. உள்ளே இருக்கும் பல்ப் (மரக்கூழ்ப் பஞ்சு), ஈரம் உறிஞ்சும் ஜெல், உடம்பில் படும் டாப் ஷீட், பசையை மூடும் ரிலீஸ் பேப்பர், கைவேலை எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

ஐந்தாவது, ஒரு பேடுக்கு விழும் விலை. ஆறாவது, பயன்படுத்திய பிறகு அது எங்கே போகிறது என்பது.

## மைக்ரானும் ஜிஎஸ்எம்மும்

மைக்ரான் என்பது தடிமன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். இரண்டையும் இணைப்பது அடர்த்தி. சாதா பிஇயின் அடர்த்தி சுமார் 0.92. ஆகவே 25 மைக்ரான் பிஇ ஃபிலிம் 23 ஜிஎஸ்எம் இருக்கும். கம்போஸ்டபிள் ஃபிலிமின் அடர்த்தி 1.25 பக்கம் வரும். அதே 25 மைக்ரானுக்கு 31 ஜிஎஸ்எம். நீங்கள் வாங்குவது கிலோவில், வெட்டுவது சதுர மீட்டரில். அடர்த்தி கூடினால் ஒரு கிலோவில் கிடைக்கும் பேட் குறையும்.

கல்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புத் தூள், சேர்த்த ஃபிலிமில் இது இன்னும் பெரிய சிக்கல். அந்தத் தூளின் அடர்த்தி 2.7. பிரீத்தபிள் ஃபிலிமில் அது வேண்டுமென்றே, காரணத்தோடு சேர்க்கப்படுகிறது. சாதா ஃபிலிமில் சேர்த்தால் எடை ஏறும், விலை குறையும், தடிமன் இறங்கும். ஜிஎஸ்எம் மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

கண்டுபிடிக்க லேப் வேண்டாம். சாதா ஃபிலிமில் ஒரு துண்டை வெட்டி, சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் காற்றுக் குமிழ் போக்கி, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அமுக்கிவிடுங்கள். நல்ல பிஇ மேலே வந்துவிடும். வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடு நாலைந்து சதவீதம் இருந்தாலும் மிதக்கும். சுண்ணாம்புத் தூள் எடையில் 12 சதவீதத்தைத் தாண்டினால் மூழ்கும். பிரீத்தபிளுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதன் நுண்துளைகளில் காற்று இருப்பதால் தூள் நிறைய இருந்தும் மிதக்கலாம்.

ஜிஎஸ்எம் பார்ப்பதும் சுலபம். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாகப் பத்துத் துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசில் மொத்தமாக வையுங்கள். வரும் கிராமைப் பத்தால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 25 ஜிஎஸ்எம் ஃபிலிம் 2.5 கிராம் காட்ட வேண்டும். ரோலின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் எடுங்கள். குழாய் போல ஊதி எடுக்கும் புளோன் ஃபிலிமில் இடத்துக்கு இடம் தடிமன் மாறுவது சகஜம். தட்டையான டையிலிருந்து குளிர்ந்த உருளைமேல் இறக்கும் காஸ்ட் ஃபிலிமில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு, எம்பாஸும் அதே ஓட்டத்தில் போட்டுவிடலாம். கவர் ஊதுகிற யூனிட்டில் “நாங்களே ஓட்டித் தர்றோம்” என்று சொன்னால் இந்த மூன்று இட எடையைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். இறக்கை வைத்த பேட் ஒன்றுக்கு 25 × 16 சென்டிமீட்டர் ஃபிலிம் போகிறது, அதாவது 0.04 சதுர மீட்டர், என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள கிலோ விலைகள் கணக்கு காட்டுவதற்காக நான் போட்ட வட்டமான எண்கள். உங்கள் கொட்டேஷனில் இருப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

| ஃபிலிம் | ஜிஎஸ்எம் | ஒரு கிலோவில் பேட் | கிலோ விலை (உதாரணம்) | ஒரு பேடுக்கு | 18% வரியோடு |
|---|---|---|---|---|---|
| சாதா பிஇ | 25 | 1000 | ரூ.200 | 20 காசு | 23.6 காசு |
| பிரீத்தபிள் | 20 | 1250 | ரூ.275 | 22 காசு | 26 காசு |
| லேமினேட் | 40 | 625 | ரூ.300 | 48 காசு | 56.6 காசு |
| கம்போஸ்டபிள் | 31 | 806 | ரூ.500 | 62 காசு | 73 காசு |

அட்டவணையின் கடைசிப் பத்தியில் வரியை நான் சும்மா சேர்க்கவில்லை. 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் ஃபிலிம் வாங்கும்போது நீங்கள் 18 சதவீதம் கட்டுகிறீர்கள். விற்கும் பொருளுக்கு வரியே இல்லாததால் கட்டியதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியில்லை. அது அப்படியே உங்கள் அடக்கவிலையில் ஏறுகிறது. விலை உயர்ந்த ஃபிலிம் எடுத்தால் இந்தத் திரும்பாத வரியும் சேர்ந்து உயரும். டயப்பருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதற்கு வரி உண்டு.

இன்னொன்றும் அட்டவணையில் தெரிகிறது. கிலோ விலையில் பிரீத்தபிள் 75 ரூபாய் அதிகம். பேடுக்கு என்று பார்த்தால் இரண்டு காசுதான் வித்தியாசம். அப்படியானால் பிரீத்தபிளே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதன் செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

## சாதா பிஇ

எல்டிபிஇ, எல்எல்டிபிஇ என்ற இரண்டு வகை பிஇயும் கலந்த பிளாஸ்டிக் குருணையில் செய்வது. முன்னது மென்மைக்கு, பின்னது கிழியாமைக்கு. எச்டிபிஇ என்ற இன்னொரு வகை அதிகம் கலந்தால் விறைப்பாகிச் சத்தம் போடும். வாங்கும்போது காதுக்குப் பக்கத்தில் கசக்கிப் பாருங்கள். எம்பாஸ் போட்ட ஃபிலிம் பளபளப்புக் குறைந்து, மெத்தென்று, சத்தம் அடங்கி இருக்கும்.

நம் மாதிரி சின்ன யூனிட்டுக்கு இதன் பெரிய பலம் சகிப்புத்தன்மை. சீலிங் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பிடித்துக்கொள்ளும். டாப் ஷீட் பாலிபுரோப்பிலீன் நார், அது 160 டிகிரிக்கு மேல்தான் உருகும். பிஇ 110 முதல் 125க்குள் உருகி அந்த நார்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. சீலிங் மெஷினின் தாடையில் ஒட்டினால் டெஃப்லான் துணி போட்டால் சரியாகிவிடும். ஷெட்டில் மாதக்கணக்கில் கிடந்தாலும் ஃபிலிம் கெடுவதில்லை.

பலவீனம், ஆவி போகாது. 25 மைக்ரான் பிஇ வழியாக ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிராம்தான் போகும். நாலைந்து மணிக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. இரவு முழுக்க வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

மறுசுழற்சிக் குருணை கலந்த ஃபிலிம் விலை குறைவாகக் கிடைக்கும். இந்த வேலைக்கு வேண்டாம். மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடை இருக்கும், கண்ணுக்குத் தெரிகிற கட்டிகள் இருக்கும், கட்டி இருக்கும் இடத்தில் ஊசித்துளை விழும். ஃபிலிமை வெள்ளை டிஷ்யூ மேல் விரித்து, சாயம் கலந்த சோப்புத் தண்ணீரைத் தடவி, டிஷ்யூவில் புள்ளி விழுகிறதா என்று பார்த்தால் துளை தெரிந்துவிடும்.

## பிரீத்தபிள்

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. கடைகளில் இதைத்தான் அதிகம் தள்ளிவிடுகிறார்கள்.

எல்எல்டிபிஇயோடு பாதிக்கு மேல் எடையில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் தூளைக் கலந்து ஃபிலிமாக்கி, பிறகு அதை நீளவாக்கில் இழுப்பார்கள். பிளாஸ்டிக் நீள்கிறது, தூள் நீளாது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் விரிசல் விட்டு நுண்துளை உண்டாகிறது. நீராவி அதில் புகுந்து போய்விடும். தண்ணீர்த் துளியை அதன் பரப்பு இழுவிசை தடுத்துவிடுகிறது. ஒரு நாளைக்குச் சில ஆயிரம் கிராம் ஆவி போகும் ஃபிலிம்கள் உண்டு. அசலா என்று பார்க்க, சுடுதண்ணீர் டம்ளரின் வாயை ஃபிலிமால் மூடி, அதன்மேல் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். மேல் டம்ளரின் உள்ளே சீக்கிரமே பனி கட்டும். சாதா பிஇயில் கட்டாது.

இனி மறைந்திருப்பவை. அந்த ஆயிரக்கணக்கு எண் லேபில் வந்தது: பெரும்பாலும் 38 டிகிரி சூடு, ஒரு பக்கம் முழு ஈரம், மறு பக்கம் கிட்டத்தட்ட வறண்ட காற்று. ஆவி நகர்வது இரண்டு பக்கத்து ஈர வித்தியாசத்தால்தான். மே மாதம் காசிமேட்டிலோ எண்ணூரிலோ மறு பக்கத்தில் வறண்ட காற்றுக்கு எங்கே போவது? அதற்கு மேல் உள்ளாடை, லெகிங்ஸ், ஜீன்ஸ் வேறு. தவிர, பேடின் பின்பக்கத்தில் கணிசமான இடத்தை ஒட்டும் பசைப் பட்டை அடைத்துக்கொள்கிறது. பசை இருக்கும் இடத்தில் துளை இல்லை. ஆக, கொட்டேஷனில் இருக்கும் எண்ணில் உடம்பு உணர்வது ஒரு பங்குதான். பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. விளம்பரத்தில் காட்டுகிற அளவுக்கு இல்லை.

பசைக்கும் இதற்கும் இன்னொரு தகராறு உண்டு. சூட்டில் உருக்கிப் போடும் ஹாட்மெல்ட் பசையில் எண்ணெய் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பெட்டிகள் வெந்துகொண்டிருக்கும்போது அந்த எண்ணெய் நுண்துளைகளுக்குள் ஊறி, ஃபிலிமில் ஈரம் பட்டது போலக் கறை விழும். ஒழுகவில்லை என்றாலும் பார்க்கிறவர் ஒழுகியது என்றுதான் நினைப்பார். பிரீத்தபிளுக்கென்று உள்ள பசை கிடைக்கும், அதன் விலையையும் சேர்க்க வேண்டும். இழுத்துச் செய்த ஃபிலிம் என்பதால் சூட்டில் கொஞ்சம் சுருங்கும், நீளவாக்கில் சட்டென்று கிழியும். எடையில் பாதிதான் பிளாஸ்டிக் என்பதால் சீல் பிடிக்கச் சூடோ நேரமோ கூட வேண்டும்; கொஞ்சம் மீறினால் ஓட்டை. கையால் அழுத்தும் மெஷினில் இந்த இடைவெளியைப் பிடிப்பது கஷ்டம். முதல் சில ரோல்களில் போகும் கழிவை அந்த இரண்டு காசோடு கூட்டிப் பாருங்கள்.

தண்ணீரைவிட ரத்தத்தின் பரப்பு இழுவிசை குறைவு. அதனால் தண்ணீர் ஊற்றித் தேறிய பிரீத்தபிள் ஃபிலிம், எடை அழுத்தும்போது வேறு மாதிரி நடக்கலாம். இதன் துளைச் சோதனையில் சோப்போ ஸ்பிரிட்டோ கலக்காதீர்கள். நல்ல ஃபிலிமிலும் ஊறி இறங்கி உங்களைக் குழப்பிவிடும்.

சரி, யாருக்கு இது நல்லது? நீண்ட நேரம் உடம்பில் இருக்கும் பொருளுக்கு. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனையைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளுக்கு மெட்டர்னிட்டி பேட் தயாரிக்கிறவர்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு டயப்பர் தயாரிக்கிறவர்கள் கண்டிப்பாக இதைப் பார்க்க வேண்டும். படுத்தே இருப்பவருக்கு லெகிங்ஸ் கிடையாது, காற்றாடி ஓடும், பசைப் பட்டையும் இல்லை. அங்கே இந்த ஃபிலிம் சொன்ன வேலையைச் செய்யும். இரவு பேடுக்கும் யோசிக்கலாம், சூட்டைக் கட்டுப்படுத்தும் சீலிங் மெஷின் இருந்தால்.

## லேமினேட்

மெல்லிய ஃபிலிம், அது சாதாவோ பிரீத்தபிளோ, அதன்மேல் 10 முதல் 15 ஜிஎஸ்எம் நான்வோவன் (நெய்யாத துணி) ஒட்டியது. தொட்டால் துணி போல இருக்கும். குழந்தை டயப்பரின் வெளிப்பக்கத்தில் நாம் தொடுவது இதைத்தான். டயப்பருக்கு இது சரியான தேர்வு, ஏனென்றால் வெளிப்பக்கத்தைத் தாயின் கையும் குழந்தையின் தொடையும் தொடுகின்றன.

நாப்கினில் வெளிப்பக்கம் உள்ளாடையோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கே மென்மையை யாரும் உணரப்போவதில்லை. பேடைப் பிரித்தெடுக்கும்போது பசை நாரைப் பிடித்து இழுத்துப் பிசிறடிக்கும். இதற்காக இரண்டு மடங்குக்கு மேல் காசு கொடுக்க எனக்கு மனம் வராது. சத்தம்தான் பிரச்சினை என்றால் எம்பாஸே அதைத் தீர்த்துவிடும்.

## கம்போஸ்டபிள்

பெரும்பாலும் பிபிஏடி என்ற பாலியெஸ்டரோடு மாவுச்சத்தோ பிஎல்ஏ என்ற தாவர வழிப் பிளாஸ்டிக்கோ கலந்தது. தொட்டால் மெத்தென்று இருக்கும், சாதா பிஇயைவிட ஆவியும் நன்றாகப் போகும். ஆனால் ஈரக்காற்றில் மெல்ல மெல்லப் பலம் இழக்கும். கடலோரத்தில் ஷெட் வைத்திருக்கும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. காலாவதித் தேதி கேட்டு, மூடிய கவரோடு வாங்கி, முதலில் வந்ததை முதலில் தீர்க்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் டாப் ஷீட்டோடு சீலும் சரியாகப் பிடிக்காது.

விற்பனையாளர் ‘மக்கும்’ என்று சொன்னால் ஐஎஸ்ஓ 17088 சான்றும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் கேளுங்கள். அந்தத் தரநிலை சொல்வது தொழில்முறை உரக்கிடங்கை: சுமார் 58 டிகிரி சூடு, ஈரம், 180 நாளுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். நம் பக்கத்துக் குப்பையும் பயன்படுத்திய நாப்கினும் போகிற கொடுங்கையூர்க் கிடங்கு அப்படிப்பட்ட இடம் இல்லை. அங்கே அடுக்குக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் பேடுக்குப் பின்பக்கம் என்ன ஃபிலிம் என்பது பெரிய வித்தியாசம் செய்யாது. பின்பக்கத்தை மட்டும் மாற்றி, மேலே பாலிபுரோப்பிலீனும் உள்ளே சோடியம் பாலிஅக்ரிலேட் ஜெல்லும் வைத்து, அட்டையில் ‘மக்கும் நாப்கின்’ என்று அச்சடிப்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது. ‘ஆக்சோ’ என்ற சொல்லோடு வருவது இன்னும் மோசம், அது பிஇயைத் துண்டு துண்டாக உடைக்கும், அவ்வளவுதான்.

வாழைநார், பருத்தி, கம்போஸ்டபிள் பசை என்று முழு பேடையும் மாற்றி, பயன்படுத்தியதைத் திரும்ப வாங்கி உரமாக்க ஏற்பாடும் வைத்திருக்கும் குழுவுக்கு இது பொருந்தும். இல்லையென்றால் அந்த ஐம்பது காசை உறைக்குச் செலவழியுங்கள். பயன்படுத்திய பேடைச் சுற்றிப் போட உற்பத்தியாளர் உறை தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லின. எத்தனை குழுக்கள் தருகின்றன? தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்க வேண்டியிராத அந்தச் சின்ன உறை, மக்கும் ஃபிலிமைவிட உடனடியாக ஒருவருக்கு உதவும்.

## ஸ்டாக் லாட்டும் ஆர்டரும்

உங்களுக்கு வேண்டிய அகலத்தில் வெட்டித் தரச் சொன்னால் ஃபிலிம் கம்பெனிகள் நூறு கிலோவுக்கெல்லாம் அசையமாட்டார்கள். அதனால் சவுக்கார்பேட்டை, பாரிமுனைக் கடைகளில் ஸ்டாக் லாட் தேடுவோம். பெரிய டயப்பர் கம்பெனிகள் வேண்டாமென்று தள்ளிய ரோல்கள் அவை. விலை நன்றாக இருக்கும். ஆனால் தள்ளியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அச்சு தப்பாக விழுந்ததா, தடிமன் தவறியதா, வெறும் பழசா? முதல் காரணம் என்றால் எடுங்கள், இரண்டாவது என்றால் விடுங்கள். பழசு என்றால், பிஇயில் ஆபத்து குறைவு. அச்சுப் போடப்போகிறீர்கள் என்றால் மட்டும், ஃபிலிமில் மை பிடிக்குமா என்று காட்டும் டைன் பேனாவால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மை பிடிப்பதற்காக ஃபிலிமின் பரப்பை மின்சாரத்தால் பதப்படுத்தும் கொரோனா ட்ரீட்மென்ட் நாள்பட நாள்பட மங்கும், 38 டைனுக்குக் கீழே இறங்கியிருந்தால் மை உரிந்து வரும். பிரீத்தபிள் பழசு என்றால் ஓரம் சுருங்கி அகலம் மாறியிருக்கிறதா என்று ரோலின் இரண்டு முனையிலும் டேப் வைத்து அளந்து பாருங்கள். கம்போஸ்டபிள் பழசைத் தொடவே வேண்டாம்.

எது எடுத்தாலும் பில்லில் நாலு விஷயம் எழுதி வாங்குங்கள்: ஜிஎஸ்எம் எத்தனை, கூட்டிக் குறைத்து எவ்வளவு வரை ஒப்புக்கொள்ளலாம், புதுக் குருணையா கலப்பா, ரோலின் நிகர எடையில் அட்டைக் குழலின் எடை சேர்ந்திருக்கிறதா இல்லையா. கடைசிக் கேள்வியைக் கேட்டதுமே சில கடைகளில் ரோல் இன்னொரு முறை தராசில் ஏறும்.